நீலச் சட்டையின் ஒரு கை

“அவ என்கிட்ட கேட்டாளா?” என்று தையல்கார அக்கா ஒருமுறை என்னிடம் கேட்டார்.

அவர் கையில் ஒரு பொம்மை இருந்தது. அதன் இடுப்பில் நீலப் பாவாடை. அந்தத் துணி காலையில் ஒரு சட்டைக்காக வெட்டி வைத்த இடது கை; இப்போது பாதியாக நறுக்கப்பட்டிருந்தது. ஐந்து மணிக்குச் சட்டைக்காரம்மா வந்துவிடுவார். அதே துணியில் இன்னொரு சாண்கூட மிச்சமில்லை.

“ஒத்தைக் கைச் சட்டையோட அவங்க ஆபீஸ் போவாங்களா? சொல்லுடி!” என்று மகளை உலுக்கினார். பொடிசுக்கு ஆறு வயது.

“நான் கேட்டேம்மா.”

“பொய் வேற! இனிமே கடைப்பக்கமே வரக்கூடாது. பள்ளிக்கூடம் விட்டா நேரா எதிர்வீட்டு அத்தைகிட்ட போயிடு.”

கடையில் ஒரு சட்டம் உண்டு. வெட்டி மிஞ்சிய துண்டெல்லாம் பொடிசுக்கு. ஆனால் ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, “இது எனக்கா?” என்று கேட்ட பிறகுதான் கத்தரி வைக்கலாம். அவள் ஒருநாளும் அதை மீறியதில்லை.

நான் மூலையில் பட்டன் தைப்பவள். விடை தெரிந்தும் எழுந்து சொல்ல முடியாமல், எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பொடிசு என்னையே பார்த்தாள். ஊசி விரலில் ஏறியது.

“அவ கேட்டா, அக்கா,” என்றேன். “மூணு தடவை. நீங்க போனைப் பாத்துக்கிட்டே ‘ம்ம்’னீங்க.”

“நான் டிசைன் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“மொதல்ல டிசைன்தான். அப்புறம் யாரோ நாய்க்குட்டியைக் குளிப்பாட்டினாங்க. சிரிச்சீங்க.”

அக்கா பொம்மையை மேசையில் வைத்தார். குரல் இறங்கியது. “நான் கவனிக்கலைன்னா தொட்டுக் கூப்பிட வேண்டியதுதானே?”

“தொட்டா திட்டுவே,” என்றாள் பொடிசு. “நீ எல்லாத்துக்கும் ம்ம்தான். பாட்டுப் போட்டிக்கு வர்றியான்னு கேட்டேன். அதுக்கும் ம்ம்னே.”

“எப்ப போட்டி?”

“முடிஞ்சு போச்சு. வெள்ளிக்கிழமை. முன்வரிசையில என் பையை வச்சு உனக்கு எடம் பிடிச்சிருந்தேன். டீச்சர் பையை எடுக்கச் சொன்னாங்க. நான் எடுக்கலை.”

போன் ஒலித்தது. சட்டைக்காரம்மாதான். அக்காவின் கை தானாக நீண்டு, பாதியில் நின்றது. பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

“அத்தை வீடெல்லாம் வேணாம், கண்ணு. இங்கேயே இரு. அந்தப் பாட்டை இப்பப் பாடேன், கேக்கறேன்.”

பொடிசு பாடவில்லை. பொம்மையின் இடுப்பில் குத்தியிருந்த குண்டூசியைக் கழற்றி டப்பாவில் போட்டாள். பாவாடையை உருவி, சுருக்கத்தை நீவி, மடித்துத் தையல் எந்திரத்தின் மேல் வைத்தாள். வெறும் பொம்மையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள். “ஏய், எங்கடி?” என்றார் அக்கா.

அவள் படியிறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துத் தெருவைக் கடந்து, அத்தை வீட்டுக்குள் போனாள்.