கையில் எதுவும் தடவுவதில்லை

பொத்தான் சொறிய ஆரம்பித்தால் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் கேட்கும். பின்னங்காலால் விலாவை வறட் வறட்டென்று வாரும், நகம் தரையில் பட்டு டக்டக்கென்று அடிக்கும். ஒரு முழம்கூடத் தேறாத நாய், போடுகிற சத்தமோ தச்சுப் பட்டறை மாதிரி. செக்கிங்கம்மா கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி ஓடுவாள்.

"டேய் ராசா, போதும்டா, தோலை உரிச்சுடாதடா."

காலைப் பிடித்துக்கொள்வாள். விட்ட மறுநொடி மறுபடி டக்டக்.

சட்டைக் கம்பெனியில் அவளுக்கு அதுதான் பேர், செக்கிங்கம்மா. தைத்து வருகிற சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சின்னதாய் ஒரு சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு சட்டை. விட்டுப்போன தையல், கோணல் காலர், பிசிறு நூல், ஒன்றும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்ட கண்ணுக்குச் சொந்த நாயின் முடி ஏன் கொட்டுகிறது என்று மட்டும் பிடிபடவே இல்லை.

கர்ப்பப்பையை எடுத்த பிறகு மகள் வீட்டோடு வந்தபோது அவள் கொண்டுவந்தது ஒரு பெட்டியும் பொத்தானும்தான். அப்போது கருகருவென்று, வாரிவிட்டால் சீப்பே நிற்கும், அவ்வளவு முடி. ஒன்றரை மாதம் கழித்து இரண்டு விலாவிலும் காசு அகலத்துக்கு வழுக்கை. அப்புறம் உள்ளங்கை அகலம். அப்புறம் தொடை, வால், கழுத்து. இப்போது முதுகில் ஒரு கோடும் தலையில் ஒரு கொத்தும்தான் பாக்கி. மற்ற இடமெல்லாம் சிவந்து, பொருக்குத் தட்டி, தொட்டால் சூடு.

பண்ணாத வைத்தியம் இல்லை. தேங்காய் எண்ணெய், மருந்து ஷாம்பு, படுக்கைத் துணியைக் கொதிக்கிற தண்ணீரில் அலசினது, கோழிக்கறியை நிறுத்தினது. டாக்டர் முதலில் தோல் பூச்சி என்று ஊசி போட்டார். அடுத்த தடவை பூஞ்சை என்று மாத்திரை. மூன்றாவது தடவை சாப்பாட்டை மாற்றச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அரிப்பு நாலு நாள் அடங்கும், ஐந்தாம் நாள் தச்சுப் பட்டறை திறந்துவிடும்.

"அத்தை, இவன் என்னை முந்திட்டான் பாருங்க," என்று மாப்பிள்ளை தன் முன்மண்டையைத் தடவிக்கொண்டு சொல்வார். "முப்பத்தஞ்சு வருஷமா நான் கஷ்டப்பட்டுச் சொட்டையானேன். அஞ்சே மாசத்துல முடிச்சுட்டான்."

அவள் சிரிப்பாள். சிரித்து முடிப்பதற்குள் டக்டக் கேட்கும், எழுந்து ஓடுவாள்.

மாடியில் இருக்கிற வீட்டுக்காரம்மாவுக்குச் சிரிப்பே வரவில்லை. ஒரு காலையில் படியிலேயே மகளை மறித்தாள்.

"சொறிநாயை வெச்சுக்கிட்டு எப்படிம்மா அதே வீட்ல சோறு எறங்குது? எங்க பேரன் இந்தப் படியிலதான் வெளையாடறான். மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள சரியாகணும். இல்லன்னா நாயா வீடான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

மகள் உள்ளே வந்து பையை மேசைமேல் வைத்தாள். "அம்மா, எனக்கும் அவன் மேல ஆசைதான். ஆனா வீடு கெடைக்கறது லேசில்லம்மா."

"சரியாயிடும்டி."

"அஞ்சு மாசமா இதையேதான் சொல்ற."

இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

செக்கிங்கம்மாவுக்கு வீட்டில் யாருக்கும் தெரியாத வேலை ஒன்று உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு திடீர் திடீரென்று தணலாய்க் கொதிக்கும், முதுகெல்லாம் தெப்பலாய் நனையும். பொம்பளை டாக்டர் ஒரு ஜெல் எழுதிக்கொடுத்தாள், தினம் ஒருவேளை முழங்கைக்குக் கீழே தடவ. தடவினதும் பத்தே நாளில் மனுஷி ஆனாள். அந்தச் சமயம் பார்த்து நலம் விசாரிக்க வந்த நாத்தனார், டப்பாவுக்குள் மடித்திருந்த காகிதத்தை உருவி, மகளும் மாப்பிள்ளையின் அம்மாவும் உட்கார்ந்திருக்கையில் படித்தாள்.

"அடேயப்பா! அண்ணி ஹார்மோன் பூசறாங்களாம்! எங்கண்ணன் போய் ஆறு வருஷமாச்சு, இப்ப யாருக்கு அண்ணி இந்த மினுக்கு? வரன் பாக்கட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நல்ல வேளை, மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். அன்றைக்கே அந்தக் காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டாள். மறுநாள் மகளிடம், "அதை நிறுத்திட்டேன்," என்றாள். நிறுத்தவில்லை. டியூபைப் பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, துணிகளுக்கு அடியில் சொருகினாள். மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்து குளித்து, கதவைச் சாத்திக்கொண்டு தடவுவாள். அப்படியே படுப்பாள். பொத்தான் ஏறி வந்து, அவள் கையை இரண்டு நக்கு நக்கி, அதன்மேல் விலாவை ஒட்டிக்கொண்டு தூங்கிப்போகும். நாளில் அந்த ஒரு மணி நேரம்தான் இரண்டு பேருக்கும் நிம்மதி.

நாலாவது தடவை டாக்டர் பொத்தானை மல்லாக்கப் புரட்டினார். வயிற்றை விரலால் தடவினவர் நின்றார்.

"இவன் ஆண்தானே?"

"குட்டியிலயே விதை எடுத்தாச்சு சார்," என்றார் மாப்பிள்ளை.

"அப்புறம் ஏன் காம்பெல்லாம் இப்படி வீங்கியிருக்கு? பால் குடுக்கற நாய் மாதிரி." டாக்டர் நிமிர்ந்தார். "வீட்ல யாராவது ஹார்மோன் ஜெல் ஏதாவது தடவறீங்களா? சில பேர் கையில தடவுவாங்க. நாய் நக்கினாலோ ஒரசினாலோ அதுக்குள்ள போயிடும். முடி கொட்டும், தோல் கெடும், கெட்ட தோல்ல கிருமி சேந்து அரிப்பெடுக்கும்."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "எங்க வீட்லயா? என் வீட்டம்மா பவுடர் போடவே நேரமில்லாம ஓடறா. அத்தைக்கு அதெல்லாம் என்னன்னே தெரியாது சார். இல்ல அத்தை?"

பொத்தானின் தாடை அவளுடைய முன்கையில்தான் இருந்தது. ஐந்து மாதக் குறை ஒரே நொடியில் கண்ணுக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல டாக்டர்," என்றாள். "கையில எதுவும் தடவறதில்ல."

"அப்ப உள்ள ஏதோ கட்டி இருக்கணும். வயித்தைத் தெறந்து பாத்துடலாம். வெள்ளிக்கிழமை கொண்டுவாங்க."

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக டியூபைக் குப்பையில் எறிந்தாள். இன்றைக்குத் திங்கள். நாலு நாளில் ஒரு பொட்டு முடி முளைத்துவிட்டால் போதும், ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம். தினம் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பொத்தானைத் தூக்கிப் பிடித்து விலாவைத் தேடினாள். ஒரு மயிரும் இல்லை. தணல் திரும்பி வந்துவிட்டது. புதன்கிழமை சூப்பர்வைசர் ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"என்னம்மா இது? ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பாஸ் பண்ணியிருக்கீங்க. யாருக்கும்மா இந்தச் சட்டை, கட்டுப் போட்டவனுக்கா?"

மேசை முழுக்கச் சிரித்தது. அவளுக்குக் காதில் எதுவுமே ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிப் பெண் பொத்தானின் முன்னங்காலில் ஊசிக்கு இடம் துடைத்தாள். பொத்தான் வாலை ஆட்டியது. முடியில்லாத வால், கயிறு மாதிரி.

"வெட்டாதீங்க," என்றாள் செக்கிங்கம்மா. "நான்தான். நான்தான் தடவறேன். அஞ்சு மாசமா."

ஊசியோடு அந்தப் பெண் நின்றுவிட்டாள். டாக்டர் கையுறையைக் கழற்றினார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, அவர் அலுத்துப்போன குரலில்தான் பேசினார்.

"அந்த மருந்தோட வர்ற காகிதத்துலயே போட்டிருக்குமேம்மா."

"கிழிச்சுட்டேன்."

"மூணு தடவை மாத்தி மாத்தி வைத்தியம் பண்ணேன். இன்னிக்கு வயித்தைக் கிழிச்சிருப்பேன்." மூச்சை விட்டார். "சரி, உயிருக்கு ஒண்ணுமில்ல. ஜெல் படாம இருந்தா தானா முளைச்சுடும். நாலு மாசமோ ஆறு மாசமோ ஆகும். முதல்லயே தெரிஞ்சிருந்தா இந்நேரம் பாதி வளந்திருக்கும்."

மாதக் கடைசிக்கு ஒன்பது நாள்.

மாப்பிள்ளை நேராக மாடிக்குப் போனார். அவளும் பின்னாலேயே ஏறினாள்.

"ஒட்டற நோய் இல்லம்மா. ஒரு மருந்து பட்டதனால வந்தது. டாக்டரே சொல்லிட்டாரு."

"என்ன மருந்து?" என்றாள் வீட்டுக்காரம்மா.

மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார். அத்தையின் மானத்தைக் காப்பாற்றத்தான் மூடினார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளே சொன்னாள், எல்லாவற்றையும், கர்ப்பப்பையிலிருந்து கண்ணாடிப் பெட்டி வரைக்கும், வாசலில் நின்றபடி.

வீட்டுக்காரம்மா பொறுமையாகக் கேட்டாள். "கதை நல்லாத்தாங்க இருக்கு. மொதல்ல பூச்சின்னீங்க. அப்புறம் பூஞ்சைன்னீங்க. அப்புறம் சாப்பாடு ஒத்துக்கலன்னீங்க. இப்ப நீங்க பூசினதை நக்கி நாய்க்கு முடி கொட்டுதா? யாருகிட்டங்க காது குத்தறீங்க?"

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளை வேலை பார்க்கிற குடோனின் வாட்ச்மேன் தனி ஆள். அறைக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் உண்டு. அவர்தான் நாயை வைத்துக்கொள்ளச் சரி என்றார். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் கொண்டுபோனார்கள்.

"கடிக்குமாங்க?"

"கடிக்கத் தெரியாது," என்றாள். "மாத்திரையை முழுங்க மாட்டான், துப்பிடுவான். சோத்துல மசிச்சுக் குடுங்க. சொறிஞ்சா காலைப் பிடிச்சுக்குங்க."

"எத்தனை நேரம் பிடிக்கறது?"

அவள் மாத்திரை அட்டையை எடுத்து அவர் பையில் வைத்தாள்.

வாட்ச்மேன் பொத்தானைத் தோளில் போட்டுக்கொண்டார். அது அவர் தோளுக்கு மேல் எக்கி, அவளைப் பார்த்து முனகியது, முன்னங்கால்களை நீட்டியது.

"ஒரு தடவை தூக்கிட்டுக் குடுங்க அத்தை," என்றார் மாப்பிள்ளை. "அதான் ஜெல்லை நிறுத்தியாச்சே."

"வேணாம் மாப்ள. தூக்கினா எறக்க மாட்டேன்."

திரும்பும்போது வண்டி சிக்னலில் நிற்கையில் மாப்பிள்ளை சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அத்தை?"

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"உங்ககிட்டதான் மாப்ள சொல்ல முடியல."

அடிவயிற்றிலிருந்து தணல் கிளம்பி மார்பு, கழுத்து, முகம் என்று ஏறியது. ஜன்னலை முழுக்க இறக்கினாள். காற்றும் சூடாகத்தான் வந்தது. முகம் முழுக்க வழிந்ததைப் பார்த்து அவர் கைக்குட்டையை நீட்டினார், அழாதீங்க அத்தை என்றார். அழவில்லை, இது வேறே என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு அதை வாங்கித் துடைத்துக்கொண்டாள்.