எழுதாத தாளில் கையெழுத்து

கிராம சபைக்குப் பதினான்கு பெண்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலை எட்டரை மணிக்கு எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீடுகளின் முனையில் வந்து நின்றது, வனிதாவையும் சேர்த்து ஐந்தே பேர்.

"மத்தவங்க எங்கக்கா?" என்று பக்கத்து வீட்டுச் சரண்யாவைக் கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா? காத்தால எஸ்டேட் ரைட்டர் வந்து சொல்லிட்டுப் போனாரு. இன்னைக்கு வேலைக்கு வர்றவங்களுக்கு ரெட்டைச் சம்பளமாம். நம்ம ஆளுங்க ஒம்போது பேரும் மிளகுக் கொடி கட்டப் போயிட்டாங்க."

காந்தி ஜெயந்தி அன்று அந்த எஸ்டேட்டில் வேலை வைத்து வனிதா கேள்விப்பட்டதில்லை.

நாவக்கொம்பை ஊராட்சியில் அடுத்த ஆண்டு என்னென்ன வேலை செய்வது என்று அன்றைய கிராம சபையில்தான் முடிவாகும். லைனிலிருக்கும் முப்பது குடும்பத்துக்கும் ஒரே ஒரு வேலைதான் நடக்க வேண்டும். லைனுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஓடும் ஓடைக்கு ஒரு பாலம். கோடையில் கல்லுக்குக் கல் தாவிப் போய்விடலாம். ஐப்பசி மழையில் அதே ஓடை இரண்டு கரையையும் முட்டிக்கொண்டு போகும். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் எல்லாம் அந்தப் பக்கம். சுற்றிப் போக எஸ்டேட் வண்டிப் பாதை உண்டு, ஆனால் நாலு மைல் தள்ளி ஒரு கேட்டும் பூட்டும் உண்டு.

போன வருஷம் அதே லைனில் இருக்கும் வீராயி அந்த ஓடையில்தான் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். கேட்டுச் சாவி வைத்திருந்தவர் சேலம் போயிருந்தார். தண்ணீர் வடியும்வரை மூன்று மணி நேரம் அவளைக் கரையில் போட்டு வைத்திருந்து, பிறகு போர்வையில் கட்டித் தூக்கினார்கள். அடிவாரம் இறங்கி ஆஸ்பத்திரி சேரும்போது அவளுக்குப் பேச்சு நின்றிருந்தது. பிழைத்தாள். கால் மட்டும் நேராகவில்லை.

வனிதாவின் மகள் பவித்ரா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மழை நாளில் அவள் ஓடையைத் தாண்டிப் போய்த் திரும்பும்வரை வனிதாவுக்குக் கையில் வேலை ஓடாது.

ஊராட்சி அலுவலகத்தில் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. "அது எஸ்டேட் நிலம்மா. ஊராட்சிப் பணத்தைத் தனியார் நிலத்துல போட முடியாது." கிராம நிர்வாக அலுவலரிடம் நாலு தடவை அலைந்து, ஓடையும் அதன் கரையும் புறம்போக்கு என்று காட்டும் வரைபட நகலை அவள் வாங்கி வந்துவிட்டாள். அது இப்போது பிளாஸ்டிக் உறைக்குள், சாப்பாட்டுப் பையின் அடியில் இருந்தது. இருக்கிறதா என்று மறுபடியும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவள் கணவன் கார்த்தி எஸ்டேட் பிக்கப் வண்டி ஓட்டுபவன். டீசல் வாங்கப் போகிற வழியில் வீராயியை ஏற்றிக்கொண்டு கூட்டத்தில் இறக்கிவிடச் சம்மதித்திருந்தான். கிளம்புமுன் சொன்னான்.

"நான் வேண்டாங்கல. ஆனா நாம இருக்கற ஊடு அவங்க ஊடு. அதை மட்டும் மறந்துறாத."

முழங்காலளவு தண்ணீரில் ஐந்து பேரும் ஓடையைக் கடந்தார்கள்.

பள்ளிக்கூடத் தகரக் கொட்டகையில் கூட்டம். பனிமூட்டம் கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. மேசைக்குப் பின்னால் ஊராட்சித் தலைவர் புஷ்பலதா, பக்கத்தில் செயலர் ஜெப்சன், ஓரமாக ஒன்றிய அலுவலகத்திலிருந்து கூட்டத்தைக் கவனிக்க வந்திருந்த சசிகலா மேடம். முன்வரிசைகளை முடிக்காட்டு ஆட்கள் நிரப்பியிருந்தார்கள். மலை உச்சியில் ராகியும் ஆரஞ்சும் வைத்திருக்கிற குடும்பங்கள். அவர்களுக்கு வேண்டியது குடிதண்ணீர்க் குழாய். கொட்டகைக்கு வெளியே ஒரு சவுக்கு மரத்தடியில், கையில் போனை வைத்துக்கொண்டு ரைட்டர் பழனிசாமி நின்றிருந்தார். அவரைப் பார்க்காததுபோல் வனிதா உள்ளே போய் உட்கார்ந்தாள். எஸ்டேட்டில் தினமும் வருகைப் பேர் போடுகிறவர் அவர். வேலை போடுகிறவரும் வீடு ஒதுக்குகிறவரும் அவரே.

வரவேற்பு முடிந்ததும் ஒரு நீள நோட்டு வரிசையாகக் கைமாறி வந்தது. ஒவ்வொருவரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துப் பின்னால் தள்ளினார்கள். வனிதாவின் மடிக்கு வந்தபோது அவள் பக்கத்தின் மேலே பார்த்தாள். தேதி இருந்தது. அதன் கீழே ஒன்றுமில்லை. முந்தைய பக்கத்தைப் புரட்டினாள், அதுவும் அப்படியே. அரைப் பக்கம் வெற்று, அதன் கீழே கையெழுத்துகள்.

போட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். எல்லாரும் போடுகிறார்கள். ஆனால் அவள் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"ஏனுங்க சார், இதுல ஒண்ணும் எழுதலீங்களே?"

ஜெப்சன் நிமிர்ந்து பார்த்தார். "வருகைக்குப் போடறதும்மா. தீர்மானம் அப்புறமா எழுதிக்கலாம். எப்பவும் அப்படித்தான்."

"எழுதாத தாள்ல எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

வனிதா நோட்டை மூடினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கத்தில் நீட்டினாள். அங்கே உட்கார்ந்திருந்தவள் முடிக்காட்டு ராசம்மாள், ஐம்பது வயதுக்காரி, கையில் ராகி அறுத்த தழும்புகள்.

"என்ன கண்ணு எழுதியிருக்குது?"

"ஒண்ணுமே எழுதலீங்க."

"அப்பறம் நான் எதுக்குக் கைநாட்டு வெக்கோணும்?" என்ற ராசம்மாள் நோட்டை வாங்கித் தன் மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். "மொதல்ல படிச்சுச் சொல்லச் சொல்லுங்க. கேட்டுப்போட்டு வெக்கறேன்."

பின்னாலிருந்து நாலைந்து குரல்கள் "படிங்க, படிங்க" என்றன. சசிகலா மேடம் ஜெப்சனைப் பார்த்தார். அவர் வேண்டாவெறுப்பாக ஒரு தாளை எடுத்துப் படித்தார். காட்சிமுனை ரோட்டுக்கு அலங்கார வளைவு. பஸ் நிறுத்தத்தில் தரைக்கல். ஊராட்சி அலுவலகத்துக்குச் சுண்ணாம்பு. அவ்வளவுதான். தண்ணீர்க் குழாயும் இல்லை, பாலமும் இல்லை.

முடிக்காட்டு ஆட்கள் எழுந்து கத்த ஆரம்பித்தார்கள். புஷ்பலதா கையமர்த்தினார். "டூரிஸ்ட் வந்தாத்தானுங்க நம்ம ஊருக்கு வருமானம்? நான் என்ன எங்கூட்டுக்கா வளைவு வெக்கறேன்?"

வனிதா எழுந்தாள். ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த பேச்சு மொத்தமும் எங்கோ போய்விட்டது. "பாலம்," என்றாள். "வீராயி அத்தை விழுந்தாங்க. அடுத்தது எம்புள்ளையா இருக்குமோன்னு தெனமும் பயமா இருக்குதுங்க."

"அது எஸ்டேட் தடம்," என்றார் ஜெப்சன்.

அவள் பையைக் கொட்டி வரைபடத்தை எடுத்துக் கொண்டுபோய்ச் சசிகலா மேடத்திடம் கொடுத்தாள். அவர் விரலை வைத்து வைத்துப் பார்த்தார். "ஓடைப் புறம்போக்குதான். பாலம் போடலாம்," என்றார்.

வனிதா நிம்மதி மூச்சு விட்டு முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. சசிகலா மேடம் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"எழுபத்தொம்பது பேர்தான் இருக்கீங்க. நூறு பேர் இல்லாம இந்த ஊராட்சியில சபை செல்லாது. நான் ஒத்திவைக்கணும்."

"ஒத்திவெச்சா?" என்று ராசம்மாள் கேட்டாள்.

"இன்னொரு நாள் கூடணும். அதுக்குள்ள திட்டம் அனுப்பற கெடு முடிஞ்சா, கையில இருக்கற பட்டியல்தான் போகும்."

கையில் இருக்கிற பட்டியல் என்றால் வளைவு. முடிக்காட்டு ஆண் ஒருவன் வனிதாவைப் பார்த்து, "நீ பேசாம கையெழுத்துப் போட்டிருந்தா எண்ணியிருக்கவே மாட்டாங்க," என்றான். அது நிஜம் என்று அவளுக்கும் தெரிந்தது. தன் ஓடையோடு அவர்கள் தண்ணீரையும் சேர்த்துக் கெடுத்துவிட்டோமோ என்று தோன்றியது.

"மேடம், ஒரு மணி வரைக்கும் பொறுங்க," என்றாள். "ஆளுங்க இருக்காங்க. வேலையில இருக்காங்க."

சசிகலா மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து. "ஒரு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட இல்ல."

மிளகுக் காட்டில் இன்று இருபத்துநாலு பேர். அவர்களை விடச் சொல்ல ஒருவரால்தான் முடியும். வனிதா கொட்டகையை விட்டு வெளியே வந்தாள். சவுக்கு மரம்வரை இருபது எட்டு இருக்கும், அவளுக்கு அது முடியவே இல்லை. கார்த்தி கூட்டத்தில் இறக்கிவிட்டிருந்த வீராயி ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்ததை அவள் கவனிக்கவில்லை.

"ஏனுங்க, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் அவங்கள அனுப்புங்க. அரை மணி நேரம் போதும்."

பழனிசாமி போனையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெட்டைச் சம்பளம் எதுக்குப் போட்டாங்கன்னு நெனைக்கற? கூட்டத்துக்கு அனுப்பறதுக்கா? பாலம் வந்தா வெளியாள் நடமாட்டம் வரும்னு மேனேஜர் பயப்படறாரு. எனக்கும் புள்ளைகுட்டி இருக்குது வனிதா."

வனிதா திரும்பி நடக்கத் தொடங்கியபோது வீராயி பேசினாள்.

"பழனிசாமி, அன்னைக்குப் போர்வையில என் தலைமாட்டைப் புடிச்சுத் தூக்குனது நீதான்னு சொன்னாங்க. எனக்கு நெனப்பில்ல. நெசந்தானா?"

அவர் போனைத் தாழ்த்தினார். "நொம்பக் கனமா இருந்தீங்க," என்றார். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. திரும்பி வந்து சொன்னார். "பன்னெண்டரைக்குச் சாப்பாடு விடறாங்க. ஒண்ணரைக்குக் காட்டுல இருக்கோணும். கேட்டா, நான் அனுப்பலைன்னுதான் சொல்லுவேன்."

வனிதா கார்த்திக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொல்லி, ஆட்களை ஏற்றி வரச் சொன்னாள். மறுமுனையில் இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் வைத்துவிட்டான்.

பன்னிரண்டு நாற்பது ஆயிற்று. நாற்பத்தைந்து. முடிக்காட்டு ஆட்கள் இரண்டு பேர் எழுந்து போகப் பார்த்தார்கள், ராசம்மாள் அதட்டி உட்கார வைத்தாள். ஜெப்சன் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். வனிதா ரோட்டோரம் நின்று பனிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எஸ்டேட் கேட்டுப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் அவள் எட்டிப் பார்த்தாள். ஐம்பத்திரண்டுக்குப் பனிக்குள்ளிருந்து மஞ்சள் விளக்கு இரண்டு தெரிந்தது. பிக்கப்பின் பின்பக்கத்தில் பெண்கள் நெருக்கியடித்து நின்று வந்தார்கள், இடுப்பில் சாக்குக் கட்டியபடி, சிலர் கையில் திறந்த சோற்றுப் பாத்திரத்தோடு. கார்த்தி இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தான்.

நூற்று மூன்று பேர். ஜெப்சன் நோட்டின் முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தார். வந்தவர்கள் பேரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். வளைவை எடுத்துவிட்டுக் குழாயையும், சுண்ணாம்பையும் தரைக்கல்லையும் எடுத்துவிட்டுப் பாலத்தையும் சேர்ப்பது என்று ஆனது. ஆனால் இரண்டுக்கும் ஒரே வருஷம் பணம் போதாது. எது முதலில் என்று கை தூக்கச் சொல்வதற்குள் கார்த்தி ஹாரன் அடித்தான். ஒன்று அடித்துப் பத்து நிமிஷம். சோற்றுப் பாத்திரங்களோடு இருபத்துநாலு பேரும் ஓடி ஏறினார்கள். சபை செல்லுபடியாக வந்தவர்கள் ஓட்டுப் போட இருக்கவில்லை.

குழாய்க்கு அறுபத்தொரு கை. பாலத்துக்குப் பதினெட்டு.

ராசம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "கோவிச்சுக்காத கண்ணு. எங்க புள்ளைங்க ஊத்துத் தண்ணியக் குடிச்சுப்போட்டு வயித்துக் கடுப்புல கெடக்குதுங்க." வனிதாவுக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது, அது எதற்கென்று அவளுக்கே புரியவில்லை. ஜெப்சன் தீர்மானத்தை உரக்கப் படித்தார். முதலில் குழாய், இரண்டாவது பாலம். ராசம்மாள் கட்டைவிரலை அழுத்தினாள். வனிதா தன் பெயரை முழுதாக எழுதினாள்.

அடுத்த நாள் காலைப் பேர் கூப்பிடும்போது பழனிசாமி அவள் பெயருக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு கூப்பிட்டார். வீட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லப்போகிறார்கள் என்று அவள் தீபாவளிவரை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள். கார்த்திக்கு மட்டும் ஒரு வாரம் வண்டி கொடுக்காமல் உரம் சுமக்க விட்டார்கள். இரவில் வனிதா அவன் தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

அந்த வருஷ மழையும் அதே மழையாகத்தான் பெய்தது. வனிதாவும் சரண்யாவும் முறை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கயிறு பிடித்துக் கடத்தினார்கள். தை மாதத்தில் முடிக்காட்டுக்குக் குழாய் போட ஆரம்பித்த செய்தி வந்தது. மாசியில் ஒரு நாள் ஒன்றியத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து, வற்றிக் கிடந்த ஓடையின் இரண்டு கரைக்கும் டேப் பிடித்தார்.

"மழையில தண்ணி எவ்வளவு ஒசரம் வரும்?" என்று கேட்டார்.

சரண்யா இடுப்பைக் காட்டினாள். இன்னொருத்தி முழங்காலைக் காட்டினாள். வனிதா செருப்பைக் கழற்றிவிட்டு ஓடைக்குள் இறங்கினாள். நடுவில் கல்லின்மேல் நின்று, உள்ளங்கையைக் கழுத்துக்குக் கீழே வைத்துக் காட்டினாள்.

"இதுவரைக்குங்க. எம்பொண்ணுக்குத் தலைக்கு மேல."

அவர் குனிந்து எழுதிக்கொண்டார். வேலை எப்போது தொடங்கும் என்று அவரால் சொல்ல முடியவில்லை, சித்திரைக்குப் பிறகு இருக்கலாம் என்றார். சித்திரையிலிருந்து ஐப்பசி மழைக்கு எத்தனை மாதம் என்று வனிதா தண்ணீரில்லாத அந்த ஓடையில் நின்றபடியே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.