அவர் வாயையே பார்த்தவள்

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து கமலவேணி ஓரிடத்தில் உட்காரவில்லை. நாடக மேடையில் ஆரம்பித்து, சினிமாவில் அம்மா, மாமியார் என்று காலம் தள்ளியவளுக்குத் தலை நரைத்த பிறகு கதாநாயகி வேடம். ஜோடி, பழைய சிரிப்பு நடிகர் இராமதாஸ். பேரன் பேத்தி எடுத்த இரண்டு பேர் நோணாங்குப்பம் படகுத்துறையில் காதலித்துக் கூத்தடிக்கிற படம். இன்றைக்குத்தான் வெளியீடு. முத்தியால்பேட்டை வீட்டுக் கூடத்தில் மகள் செந்தமிழ்ச்செல்வி போனும் கையுமாக உட்கார்ந்து, வருகிற விமர்சனத்தையெல்லாம் சத்தம்போட்டு வாசித்துக்கொண்டிருந்தாள்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? கமலவேணி மடியில் பாறாங்கல்லே இருந்தது. படப்பிடிப்பில் அவளுக்கு வசனம் மனதில் நிற்கவில்லை. காலையில் மனப்பாடம் செய்தது, கேமரா முன்னால் போனதும் காணாமல் போய்விடும். உதவி இயக்குநரை எடுத்துக்கொடுக்கச் சொல்லலாம். எல்லா நடிகரும் செய்வதுதான். ஆனால் "எனக்கா எடுத்துக்கொடுக்கணும்?" என்று ஊரெல்லாம் பெருமையடித்தவள் எந்த முகத்தோடு கேட்பாள்? விஷயம் தெரிந்த ஒரே ஆள் இராமதாஸ். கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அவள் பேச வேண்டியதை முன்கூட்டியே முணுமுணுப்பார். அதைப் பிடித்துக்கொண்டு இவள் பேசுவாள். அவர் முணுமுணுப்பை டப்பிங் விழுங்கிவிட்டது. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த இவள் கண்ணை என்ன செய்வது? ஒரே ஒரு விமர்சகன் கண்டுபிடித்து எழுதினால் போதும், கிழவிக்கு மறதி என்று ஊர் சிரிக்கும். அதற்குப் பிறகு எவன் கூப்பிடுவான்?

"கதை புளிச்ச மாவுன்னு எழுதியிருக்கான்மா," என்றாள் செல்வி.

"என்னப் பத்தி?"

"இரு, வரேன். உன் கண்ணப் பத்தித் தனியாவே எழுதியிருக்கான்."

நரம்பில்லாத நாக்கு, என்ன சொல்லித் தொலைத்திருக்கிறதோ!

செல்வி வாசித்தாள்: "'ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் கமலவேணி இராமதாஸின் உதட்டையே பார்க்கிறார். வயதானவர்களின் காதலை இதைவிட அழகாக நடித்துக் காட்ட முடியாது.' எம்மா, எல்லாரும் இதையேதான் எழுதுறாங்க!"

அதற்குள் இராமதாஸ் போனில் கூப்பிட்டார். "பாத்தியா கமலா, தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு! அடுத்த படத்துக்கும் நம்ம ரெண்டு பேரையும்தான் கேக்குறாங்க."

கமலவேணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த விமர்சகர்களை நம்பியா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் கிடந்தோம் என்று சிரிப்பாக வந்தது.

"இதப் பாரும்மா, இந்தச் சீனுக்குத் தியேட்டரே கை தட்டுதாம்," என்று செல்வி போனை நீட்டினாள்.

படகில் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். வசனம் கிடையாது. எதிரில் இராமதாஸும் இல்லை. தண்ணீரைப் பார்த்தபடி அழுதுகொண்டே இருந்தாள். முகம் கமலவேணியின் முகம்தான்.

"எப்பிடிம்மா இப்பிடி அழுத?"

கமலவேணி யோசித்துப் பார்த்தாள். அந்தப் படகு, அந்த வெயில், அந்த அழுகை, ஒன்றுகூட அகப்படவில்லை. வசனம் மறப்பது வேறு. இது வேறு.

"செல்வி, இத எப்ப எடுத்தாங்க? நான் படகுல ஏறவே இல்லியே."

"படமே ரிலீஸ் ஆயிடுச்சு, இன்னும் நடிச்சிக்கிட்டிருக்கியே!" செல்வி வாய்விட்டுச் சிரித்தாள்.

கமலவேணி மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "நடிக்கலடி. எனக்குப் பயமா இருக்குது."

செல்வியின் சிரிப்பு நின்றது.

"அன்னிக்கு உன் கையப் புடிச்சிப் படகுல ஏத்தி உட்டதே நான்தானம்மா," என்றாள்.