நிறைந்தே திரும்பும் தண்ணீர் பாட்டில்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எனக்குத் தந்தது ஒரு கறிவேப்பிலைச் செடி. கொட்டாரக்கரையில் எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஷைனியின் வீடு. தினமும் சாயங்காலம் மகள் ஆவணியின் பள்ளிப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுப்பாள். கொடுத்தனுப்பியபடியே நிறைந்திருக்கும். திட்டிக்கொண்டே செடிக்கு ஊற்றுவாள். செடி மதிலைத் தாண்டிவிட்டது, பிள்ளைதான் வாடிப்போனது.

விஷயம் இதுதான். மூன்றாம் வகுப்பு ஆவணிக்கு வகுப்பில் எழுந்து, "டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்" என்று கேட்க வாய் வராது. கேட்கவேண்டி வந்துவிடுமே என்று தண்ணீரே குடிப்பதில்லை. போன மாதம் நீர்க்கடுப்பு, காய்ச்சல். இனியும் இப்படி அடக்கிக்கொண்டிருந்தால் ஆஸ்பத்திரியில்தான் படுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சிட்டுக்குருவியைப் போல மெல்லிய குரல் கொண்ட ஆவணி—"

(அடித்துவிட்டேன். சிட்டுக்குருவி எங்கே மெல்லப் பேசுகிறது? விடியற்காலை என் ஜன்னலுக்கு வந்து கேட்டுப் பாருங்கள்.)

பிறகு: "மௌனம் என்பது ஒரு—" (எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

3

ஆவணியின் அப்பா சுகுணனை நீங்கள் நம்பமாட்டீர்கள். வாய் திறக்காத பிள்ளைக்கு, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் முழுக்க அறிவிப்புச் செய்கிறவன் அப்பா என்று எழுதினால், 'கதைக்காகக் கட்டிவிட்டாள்' என்பீர்கள். நான் என்ன செய்ய? கோவில் உற்சவம், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, சாவுச் செய்தி, எல்லாவற்றுக்கும் அவன் தொண்டைதான்.

"எல்லாம் பழக்கம்தான் ஷைனி. ரெண்டு நாள்ல சரி பண்ணிடறேன்" என்று மகளை ஆட்டோவில் உட்காரவைத்தான். "மோளே, அப்பா சொல்றத அப்படியே சொல்லு. பிரியமுள்ள நாட்டுக்காரரே! ஆவணிக்கு ஒண்ணுக்குப் போகணும்!"

மைக்கை அணைக்க மறந்திருந்தான்.

சந்தை முக்கு வரை கேட்டது. ஆவணி ஓடிப்போய்க் கட்டிலடியில் ஒளிந்தாள். மறுநாள் மீன்காரர் ஸ்கூட்டரை நிறுத்தி, "என்ன சுகுணா, மக போயிட்டு வந்துடுச்சா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

"உங்க தொண்டையில தீய வைக்க!" என்று ஷைனி புருஷனைப் பிடிபிடியென்று பிடித்தாள். "பிள்ளை இனிமே வீட்டுலயும் பேசாது, பாருங்க."

4

(இந்த இடத்தில் ஒரு நல்ல டீச்சர் வந்து ஆவணியின் தலையைத் தடவி, மனதைத் திறக்கவைப்பாள் என்று எதிர்பார்க்கிறீர்கள். நானும் எதிர்பார்த்தேன்.)

வந்தவள் லிஸி டீச்சர். வகுப்பிலேயே வாய் திறக்காத ஒரே பிள்ளை என்று மெச்சி, ஆவணியை லீடராக்கிவிட்டாள். டீச்சர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதவேண்டும். பெயர் ஏறினால் அன்றைக்கு விளையாட்டுப் பிரியட் கிடையாது.

"நோய்க்குப் பரிசு குடுத்திருக்கா மகராசி!" என்று ஷைனி தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் காலை, "ஸ்கூல்ல குடிக்கமாட்டேல்ல? இங்கயே குடிச்சிட்டுப் போ" என்று இரண்டு டம்ளர் மோரைப் புகட்டி அனுப்பினாள்.

5

மூன்றாம் பிரியடில் மோர் வேலையைக் காட்டியது. நேரம் பார்த்து லிஸி டீச்சர் ஆபீசுக்குப் போயிருந்தாள். கையில் சாக்பீசுடன் ஆவணி கால் மாற்றி மாற்றி நின்றாள். கேட்கலாமென்றால் டீச்சர் இல்லை. சொல்லாமல் போனால் லீடர் ஓடிவிட்டாள் என்பார்கள்.

"டேய், லீடர் டான்ஸ் ஆடறாடா!" என்றான் முதல் பெஞ்ச் ஜெஸ்வின்.

பலகையில் 'ஜெஸ்வின்' ஏறியது.

(இங்கே ஆவணியின் மனப்போராட்டத்தை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவள் இருந்த அவசரத்தில் அதற்கெல்லாம் நேரம் ஏது? எடுத்துவிட்டேன்.)

ஆவணி வாயைத் திறந்தாள். அப்பன் தொண்டை அப்படியே வந்தது.

"பிரியமுள்ள நாட்டுக்காரரே! ஆவணிக்கு ஒண்ணுக்குப் போகணும்!"

பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு பாதியில் நின்றது. ஜெஸ்வின் பிளந்த வாயை மூடவில்லை. ஆவணி திரும்பி, அவன் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். பேசினாளே! எழுதிவிட்டு ஓடினாள்.

6

முதல் முடிவு: டீச்சர் ஆவணியைக் கட்டிக்கொண்டு கண்கலங்குகிறாள். (சீச்சீ.)

இரண்டாவது: பல வருடங்கள் கழித்து, பெரிய மேடையொன்றில் ஆவணி— (போதும்.)

மூன்றாவது உங்களுடையது. நீங்கள்தான் லிஸி டீச்சர். வகுப்புக்குள் வருகிறீர்கள். பலகையில் இரண்டு பெயர். அடுத்தது விளையாட்டுப் பிரியட். ஆவணியின் பெயரை அழித்தால் அவள் பேசியதே இல்லை என்றாகிவிடும். ஜெஸ்வினும் சும்மா விடமாட்டான், "டீச்சர், அவளும்தான் பேசினா!" அழிக்காவிட்டாலோ, முதல்முறையாக வாய் திறந்த பிள்ளைக்குத் தண்டனை.

இதோ, ஆவணி வந்துவிட்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவள் உங்களைப் பார்க்கவில்லை. தன் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பலகையைத்தான் பார்க்கிறாள்.

டஸ்டரைப் பிடியுங்கள். நான் பிடித்து நின்று கை கடுத்துப்போய்விட்டது.

நீங்கள் என்ன செய்தாலும் சரி, அன்று சாயங்காலம் நடந்தது எனக்குத் தெரியும், மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். ஷைனி பாட்டிலைக் கவிழ்த்து உலுக்கினாள். கறிவேப்பிலைக்கு ஒரு சொட்டுக்கூட விழவில்லை.