முத்துமாலை விற்ற குரல்

கூட்டுறவுச் சங்கக்கடைக்குச் சலவைச் சவுக்காரம் வந்திருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்ட கதையை நம்பி, ஸைனம்புவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். எழுபத்து நாலாம் ஆண்டு. சீனி இல்லை, மா இல்லை, துணி இல்லை. இல்லாதவற்றைப் பற்றிய பேச்சுக்கு மட்டும் பலாபத்வலயில் பஞ்சமே இல்லை. முன்னால் நின்ற பக்கத்து வீட்டு றஹீமா திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

“முத்துமாலை சவுக்காரம் இருந்த காலத்துல நாம எப்படி இருந்தோம் மச்சி!”

அந்தப் பெயரைக் கேட்டதும் ஸைனம்புவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. குளிராமல் என்ன செய்யும்? கூரையில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய கொழும்புக் கம்பெனி வேனில் உட்கார்ந்து, மாத்தளையிலிருந்து நாவுல வரைக்கும் அந்தச் சவுக்காரத்தைக் கூவி விற்றது அவளுடைய கணவர் ஸஹாப்தீன்தான். தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம். வேன் வரும் சத்தம் கேட்டால் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் பாயை அப்படியே விட்டுவிட்டு ரோட்டுக்கு வருவார்கள். வெள்ளைக் காற்சட்டையும் சீவிய தலையுமாக அவர் மைக்கைப் பிடித்திருக்கும் அழகை, வேலிக்குப் பின்னால் நின்று அவளும் பார்த்திருக்கிறாள். வீட்டில் மட்டும் அதைக் காட்டிக்கொள்ள மாட்டாள். “காத்துல பேசிட்டு வந்து சோறு கேக்குறாரு” என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைவார். நல்ல காலம் அது. வாழும்போது அது நல்ல காலம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது அவருக்குப் பேச்சு இல்லை. தொண்டையில் வந்த நோய்க்குக் கண்டியில் கத்தி வைத்த பிறகு, பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும் அளவுக்கு ஒரு கரகரப்பு மிச்சம். குரல் போனது போகட்டும், அது செய்த வேலை இருக்கிறதே என்ற ஒரே பெருமையில்தான் மனுசன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பார்க்க வருகிறவர்களையெல்லாம் மெத்தையருகே கூப்பிட்டு, “எங்கட ரோட்டுல முத்துமாலை போடாத வீடு இருந்துச்சா? நான் சொல்லித்தானே வாங்கினீங்க?” என்று கேட்பார். ஆமாம் என்று கேட்ட பிறகுதான் கஞ்சி இறங்கும்.

றஹீமா குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். “ஒரு கத தெரியுமா மச்சி? வேன்ல ஸஹாப்தீன் நானா பேசினது யாருக்கு வெளங்கிச்சு? குழாய் ஒரு பக்கம் கத்தும், லொறி ஒரு பக்கம் கத்தும். நாங்க வாங்கினது ஒங்க கொடியப் பார்த்துத்தான். விக்கிறவர் பொஞ்சாதியே அதுலதானே தொவைக்கிறாங்க, சாரனெல்லாம் எப்படிப் பளீர்னு தொங்குதுன்னு நான் மொதல்ல வாங்கினேன். என்னப் பார்த்து புஹாரி வீட்டுல வாங்கினாங்க. பொறகு பள்ளித்தெருவே வாங்கிச்சு. எல்லாரும் வாங்கினா நாம மட்டும் சும்மா இருக்க ஏலுமா? பின்னேரம் நானாவப் பார்க்க வாறேன், இதச் சொல்லி அவரச் சிரிக்க வைக்கணும்.”

ஸைனம்புவுக்கு வரிசையும் கடையும் மறந்துபோயின. முதலில் வந்தது சந்தோஷம் என்பதை மறைக்க முடியாது. அத்தனை வீட்டையும் வாங்க வைத்தது தன்னுடைய கொடியா! அடுத்த நிமிடமே பயம் வந்தது. ஏனென்றால் அந்தக் கொடியில் தொங்கிய ஒரு துணியிலும் முத்துமாலை பட்டதே கிடையாது. கம்பெனி மாதா மாதம் அவருக்குச் சும்மா கொடுத்த கட்டிகளைக் கல்லில் தேய்த்துக் கரைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மகள் ஹமீமாவின் கலியாணத்துக்கென்று பெட்டியில் துணிகளுக்கு நடுவே அடுக்கிவைத்தாள். அழுக்கு உடுப்பையெல்லாம், உம்மா செய்ததுபோல, காய்ந்த கொக்கோக் காயின் கோதுகளை எரித்த சாம்பல் தண்ணீரில் அவித்து எடுத்து, கடைசியில் கொஞ்சம் நீலம் போட்டு அலசினாள். வெள்ளைக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. ரோட்டுப் பக்கம் வெயில் நன்றாக விழும் என்பதால் கொடியை அங்கே கட்டினாள். சாம்பலைப் பார்த்து ஊரே சவுக்காரம் வாங்கியிருக்கிறது. அவரும் தன் சாரனை முகர்ந்து, “பார்த்தியா, நான் பொய் சொல்லல” என்று மகிழ்ந்துபோனார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எந்தப் பெண்ணுக்குச் சாம்பல் கதையைச் சொல்ல வாய் வரும்?

றஹீமாவிடம் சொல்லாதே என்று சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் இந்த வயதில் ஊரை ஏமாற்றிய பெயர் வரும். சவுக்காரமும் கிடைக்காமல், வாயும் திறக்காமல் ஸைனம்பு வீடு வந்து சேர்ந்தாள்.

சொன்னபடியே பின்னேரம் றஹீமா வந்தாள். ஸைனம்பு வெறுந்தேத்தண்ணீரும் கித்துல் கருப்பட்டியும் கொண்டுவருவதற்குள் ஸஹாப்தீன் தன் கேள்வியைக் கேட்டுவிட்டார். சொல்லாதே என்று கண்ணைக் காட்டினாள். றஹீமா அவளைப் பார்த்தால்தானே!

“உள்ளதச் சொல்லவா நானா? நீங்க பேசினது எங்களுக்கு ஒண்ணுமே வெளங்கினதில்ல. வெறும் எரைச்சல்தான்.”

ஸஹாப்தீனின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. ஸைனம்பு கோப்பையை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஐயோ, இந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டால் இவரிடம் வேறு என்ன இருக்கிறது?

“ஒரு சொல்லுகூட ஞாபகம் இல்லயா?” என்றார். காற்றுதான் வந்தது. ஸைனம்பு அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

“என்ன ஞாபகம் நானா! எல்லா வேன்லயும் சொல்றதுதானே, தாய்மாரே சகோதரிமாரே...” என்று றஹீமா கையை ஆட்டி அலட்சியமாகத் தொடங்கினாள். ஆனால் அவள் வாய் அங்கே நிற்கவில்லை. “தாய்மாரே, சகோதரிமாரே! கை நோகத் தேய்த்தது நேற்றோடு போகட்டும்! நுரையைப் பாருங்கள், அழுக்கைத் தேடுங்கள்! மாமியார் வந்து கொடியைப் பார்த்தால்...”

அவளுடைய பேச்சே அல்ல அது. ‘தேடுங்கள்’ என்ற இடத்தில் ஸஹாப்தீன் குரலை ஏற்றியது போலவே ஏறியது. ‘மாமியார்’ என்ற சொல் வந்ததும் அவருடைய அதே குறும்பு. றஹீமாவே தன் வாயிலிருந்து வருவதைக் கேட்டுத் திகைத்துப் போயிருந்தாள். அவளோடு சேர்ந்து தன் உதடுகளும் ஒரு சொல் பிசகாமல் அசைவதை ஸைனம்பு அப்போதுதான் உணர்ந்தாள். வாழ்க்கையில் ஒரு நாளும் இவர் பேச்சைக் காதில் போட்டதில்லை என்று சத்தியம் செய்திருப்பாளே!

‘கொடியைப் பார்த்தால்’ என்றதும் றஹீமா நிறுத்தினாள். மறந்து அல்ல. வேன் வளைவில் திரும்பும்போது டிரைவர் ஹோர்ன் அடிப்பார் என்பதற்காக அவர் எப்போதும் அந்த இடத்தில்தான் நிறுத்துவார். ஸஹாப்தீனின் வலது கை போர்வைக்கு வெளியே வந்து, எதையோ பிடித்தது போல வாயருகே நின்றது. அந்த வேன் வளைவைத் தாண்டட்டும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள்.