எறும்புக்கு ஏற்ற சாந்து

பல் மருத்துவமனைக்கு அச்சு வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் வீட்டில், வளர்ப்பு எறும்புகள் கூடு என்று தோண்டியதெல்லாம் அவளுடைய மகள் வெளிநாட்டில் குடியிருந்த வீடாகவே இருந்தது. முதல் வருடம் தெருவில் நாலைந்து பேர் வந்து பார்த்தார்கள். அப்புறம் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைப் போல அதுவும் ஒரு தகவலாகிவிட்டது. "என்ன பல்லு அக்கா, பொண்ணு வீடு மாத்திட்டாளா?" என்று காய்கறிக்காரர் கேட்பார். "மாத்திக்கிட்டே இருக்கா. இப்பதான் படிக்கட்டு வரைக்கும் தோண்டியிருக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் கத்தரிக்காயைப் பொறுக்குவாள்.

எறும்புகளை விட்டுப் போனவளும் மகள்தான். ஒரு கண்ணாடிக் குழாய், அடியில் தண்ணீர், தண்ணீரைத் தடுத்துப் பஞ்சு, பஞ்சுக்கு இந்தப் பக்கம் ஒரு ராணியும் ஒன்பது கட்டெறும்பும். "ஒரு மாசம் பாத்துக்கோம்மா, என் ஃபிரெண்ட் வந்து வாங்கிப்பா" என்று சொல்லி விமானம் ஏறினாள். யாரும் வரவில்லை. குழாயில் இடம் போதாமல் எறும்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றபோது, அம்மா வேலையிடத்தில் மிஞ்சிய வெள்ளைச் சாந்துப் பொடியைக் கரைத்து ஒரு தட்டில் ஊற்றி, இறுகியதும் மேலே கண்ணாடி வைத்து மூடிக் கொடுத்தாள். மூன்றாம் வாரம் அதில் ஒரு குறுகிய நடையும், இடதுபக்கம் ஜன்னல் மாடமும், சரிந்த கூரையும் தெரிந்தன. மகள் போனில் அனுப்பிய தன் வீட்டுப் படத்திலும் அவை அப்படியே இருந்தன. பேருந்து நிலையத்தில் நேரம் குறிக்கும் வேலையிலிருந்த கணவர், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டையும் பார்த்து, "வாடகை யாரு குடுக்கறது, எறும்பா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சாந்தில் ஈரம் மிஞ்சி ஒரு மூலையில் பூஞ்சணம் பிடித்தது. அதே வாரம் மகள் போனில் இருமினாள். கட்டில் பக்கத்துச் சுவர் கறுத்துக் கிடக்கிறது என்றாள். கூட்டை எதில் கட்டுகிறோமோ மகள் அதில்தான் வாழப்போகிறாள் என்பது அன்றைக்குத்தான் அம்மாவுக்குப் புரிந்தது. அன்றைக்கே தோள்வலியும் தொடங்கியது. அறைகள் வெட்டித் தயாராக வரும் பிளாஸ்டிக் கூடு ஒன்றை வாங்கி வைத்தாள். மகளுக்கு அலுவலகக் குடியிருப்பில் இடம் கிடைத்தது. ஆணி இறங்காத வழவழப்பான சுவர், காற்று வறண்டு உதடு வெடித்தது. பிறகு, தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசான சாம்பல் நிறக் கட்டடக் கல்லை அறுத்து வைத்தாள். ஈரம் நன்றாகத் தங்கியது, ஆனால் எறும்புகள் ஒரே வாரத்தில் அதைச் சல்லடையாக்கின. மகள் மாறிப்போன வீட்டில் மேல்வீட்டுக்காரர் கொட்டாவி விடுவதுகூடக் கேட்டது. "வீட்டைக் கட்டிப் பார்னு ஊருல ஒரு தடவைக்குத்தான் சொன்னாங்க, உங்கம்மா மாசத்துக்கு ஒண்ணு கட்டறா" என்று அப்பா போனில் சொல்ல, மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

அவள் செய்த பெரிய தவறு, தொழில் தெரிந்ததால் வந்தது. பல்செட்டுக்கு அச்சு வார்க்கும் மஞ்சள் நிறக் கடினப் பொடி சுலபத்தில் உடையாது. வேலையிடத்தில் மேற்பார்வையாளர் மேசையில் இருபது வருடத்து அச்சு ஒன்று மூளியில்லாமல் இருந்தது. மகளுக்குக் கெட்டியான வீடு வேண்டுமென்று அதையே கரைத்து, தட்டித் தட்டிக் குமிழி எடுத்து வார்த்தாள். அவள் வாழ்நாளில் வார்த்ததிலேயே சுத்தமான வார்ப்பு அதுதான். எறும்புகளால் அதில் ஒரு கீறல்கூடப் போட முடியவில்லை. கூட்டோடு சேர்த்து வைத்த இரைப்பெட்டியில் ராணியைச் சுற்றிக் கும்பலாகக் கிடந்தன. வீட்டு ஒப்பந்தம் முடிந்து, பார்த்த வீடெல்லாம் கைநழுவி, மகள் ஐந்து வாரம் இரண்டு பெட்டியோடு ஒரு தோழியின் சோபாவில் படுத்தாள்.

"கெட்டியா இருக்கட்டும்னுதான்டி செஞ்சேன்."

"கெட்டியா இருந்தாப் போதுமா? உள்ள போக வழி வேணாமா?" என்றாள் மகள்.

அம்மா சுத்தியலை எடுத்தாள். உடைய முப்பத்தொரு அடி பிடித்தது.

கடைசியில் சரியாக வந்த கலவை இது: வெள்ளைப் பொடி நூறு பங்கு, தண்ணீர் எழுபது பங்கு, பூஞ்சணத்தைத் தடுக்க மரக்கரித் தூள் ஒரு கரண்டி. பிறகு ஒன்பது நாளுக்கு ஒருமுறை கூட்டில் விட, கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு கரண்டி. மகளுக்கு நல்ல வீடு அமைந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் வந்ததையும், பிற்பாடு காலடியில் ஒரு சின்னக் கட்டில் வந்ததையும் போன் வருவதற்கு முன்பே அம்மா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கணவர் காலமானார். அவளுக்கும் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். பித்தப்பைக் கல்லுக்காகப் பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தபோது மகளின் வீட்டில் மூன்று நாள் குழாய் வறண்டது. அதன்பிறகு அவள் எட்டு நாளுக்கு மேல் எங்கும் தங்கியதில்லை.

பதினான்காம் வருடம் கூட்டின் கிழக்கு மூலையில் எறும்புகள் புதிதாக ஓர் அறை தோண்டின. அகலமான வாசல், படியே இல்லை, கழிப்பறை பக்கத்திலேயே. வயதானவர்களுக்கான அறை என்று பார்த்ததுமே தெரிந்தது. மறுநாள் காலை மகள் கூப்பிட்டாள்.

"உனக்குன்னு ஒரு ரூம் எடுத்திருக்கோம்மா. கிளம்பி வா."

"கூட்டுக்கு யாரு தண்ணி விடுவா?"

"தூக்கிட்டு வந்துடு."

"உள்ளயெல்லாம் பொத்தலா இருக்கு. தூக்கினா விரிசல் விடும்."

"அப்ப விட்டுட்டு வாம்மா! எனக்குத்தான் நல்ல வீடு இருக்கே."

"நல்ல வீடு எப்படி வந்துச்சுன்னு நினைக்கறே?"

"உனக்கு அலுக்கவே இல்லையாம்மா?" என்றாள். அலுப்பா, அதெல்லாம் நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அம்மா பேத்தியிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

அந்த அறை பதினான்கு மாதம் காலியாக இருந்தது. எறும்புகள் எந்த அறையையும் சும்மா விடுவதில்லை. முதலில் ஒரு காய்ந்த ஈ இறக்கை வந்தது, பிறகு உதிர்ந்த கால்கள், கூட்டுப்புழுக்களின் தோல்கள், செத்த எறும்புகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் எதையோ சொல்ல வந்து இழுத்தாள். "அந்த ரூம்ல இப்ப... பழைய சாமான்லாம் கொஞ்சம் போட்டு வெச்சிருக்கோம்மா. நீ வரேன்னா எடுத்துடலாம்."

"பாத்தேன்" என்றாள் அம்மா. "இருக்கட்டும். கதவு மூடற அளவுக்கு மட்டும் வை."

போனை வைத்துவிட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினாள். இரண்டு கரண்டியும் அளந்து, கூட்டின் மற்ற மூன்று மூலைகளிலும் விட்டாள். கிழக்கு மூலையில் விடவில்லை. சாமான்கள் நனைந்துவிடக் கூடாது.