பூட்டுக்கம்பி

மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்து நெய்ச்சோறு பரிமாறும் நேரத்தில் ரஃபியாவின் போன் அடித்தது. பெங்களூரில் அவள் விமானங்களுக்குப் பழுது பார்க்கும் இடத்தின் மேலாளர் லிங்கேஸ்வரன். உத்தமபாளையத்தில் தாயைப் பறிகொடுத்து உட்கார்ந்திருப்பவளிடம் துக்கம் விசாரித்த கையோடு, எஞ்சின் எண்ணெய்க் குழாயின் நட்டு கழலாமல் பூட்டுக்கம்பி முறுக்கினாளா என்று கேட்டார். கேட்பதற்கு நேரம் கிடைத்தது பாருங்கள்!

ஆனால் அவரும் என்ன செய்வார்? அன்று அவள் ஓடிவந்த பிறகு, அடுத்து வந்தவர்கள் வேலை முடிந்ததென்று நினைத்து மூடியை மாட்டிவிட்டார்கள். சரிபார்க்க வேண்டியவரும் பார்க்கவில்லை. இன்று சாயங்காலம் விமானம் ஆட்களோடு பறக்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் பயணம் ரத்து, எல்லோர் வசவும் அவள் தலையில்தான்.

கம்பிச் சுருளைக் கையில் எடுத்தது ரஃபியாவுக்கு ஞாபகம் இருந்தது. அப்போதுதான் அண்ணன் உமர் பாருக் போனில், "அம்மா மௌத்தாயிட்டாக" என்றான். அதற்குப் பிறகு, பஸ் நிலையத்தில் தேனி பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போனதுதான் ஞாபகம். நடுவில் ஒன்றுமே இல்லை.

கட்டியதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று லிங்கேஸ்வரன் கெஞ்சினார்.

"தெரியல சார். பிரிச்சுப் பாத்துருங்க."

அவள் வந்த நாளிலிருந்தே அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். அவள் அடுத்த பஸ் பிடித்து வருவதற்குள் மய்யித்தை அடக்கம் செய்ய எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முந்திக் கிளம்பியிருந்தால் பெற்றவள் முகத்தைப் பார்த்திருக்கலாமே என்று வந்தவர்களெல்லாம் குத்திக் காட்டினார்கள். கேட்டதுமே போட்டது போட்டபடி ஓடிவந்தேன் என்றுதான் அவள் எல்லோரிடமும் சொன்னாள். அதை அவளும் நம்பினாள்.

கொல்லைப்புறத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்க அம்மா இல்லை. மற்றவர்களுக்குத் தோன்றவில்லை.

அசர் தொழுகைக்குப் பிறகு லிங்கேஸ்வரன் மறுபடி கூப்பிட்டார். கம்பி கச்சிதமாக முறுக்கியிருந்ததாம், ஒரு குறையும் இல்லையாம். ரஃபியா போனை வைத்தாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் போனாள்.

"கட்டித்தான் இருந்துச்சாம்ணே."

"நல்லதுதான புள்ள? பெறகென்ன?"

"அம்மா போயிட்டாகன்னு கேட்ட பெறகும் நின்னு நிதானமா கட்டிருக்கேண்ணே. கட்டி முடிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

மூன்று நாளாக வராத அழுகை அப்போது வந்தது. நல்ல சேதி வந்ததற்கு இவள் ஏன் இப்படித் தேம்புகிறாள் என்று தெரியாமல், உமர் பாருக் எழுந்து உள்ளே போய்விட்டான்.